குத்தகைப் பத்திரத்தில் யாரும் சாகவில்லை

இந்திய பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவர் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். பாஸ்போர்ட்காரரை ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ போகவிடச் சொல்லும் வாசகம் அது. ஹிண்ட்ரன்ஸ் என்றால் தடை. சரி, லெட்? ‘விடு’ என்று சின்ன வகுப்பிலேயே படித்த சொல். அந்தப் பொருளை இங்கே பொருத்தினால் ‘விடுதலும் தடையும் இல்லாமல்’ என்று குழம்பும். இந்த லெட்டுக்குப் பொருள் தடைதான்.

பழைய ஆங்கிலத்தில் இவை இரண்டு தனி வினைச்சொற்கள். ஒன்று அனுமதிப்பது, இன்னொன்று தடுப்பது. உயிரொலி தேய்ந்து, எழுத்துக்கூட்டலும் ஒன்றாகி, நேரெதிர்ப் பொருள் கொண்ட இரண்டு சொற்கள் ஒரே உடுப்பில் நின்றுவிட்டன. தடுக்கும் லெட் மெல்ல வழக்கொழிந்தது. இன்று அது மிஞ்சியிருப்பது இந்த மாதிரி ஆவண வாசகத்திலும் டென்னிஸ் போன்ற ஆட்டங்களிலும்தான். சர்வீஸ் பந்து வலையில் உரசி, சரியான கட்டத்தில் விழுந்தால் ‘லெட்’ என்று அறிவித்து மறுபடி அடிக்கச் சொல்வார்களே, அந்த லெட்.

பழைய ஆங்கிலச் சொற்களில் நம்மைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் இந்த ரகம். ‘எஃப்ட்சூன்ஸ்’ என்று ஒரு சொல் கண்ணில் பட்டால் யாரும் ஊகிக்க மாட்டார்கள், அகராதியை எடுப்பார்கள். லெட், நைஸ், மீட், வான்ட் என்று வந்தால் யார் அகராதி பார்க்கிறார்கள்? தமிழிலும் இதே கதைதான். குறளில் மொட்டுக்குள் இருக்கும் நாற்றம் என்று வரும்போது நாம் மூக்கைப் பொத்துவதில்லை, ஏனென்றால் அங்கே நறுமணம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தொல்காப்பியத்தின் கிழவனும் கிழத்தியும் வயதானவர்கள் இல்லை, உரிமை உடையவர்கள் என்பதும் அப்படிக் கற்றதே. ஆங்கிலத்துக்கு அந்தக் காவல் நமக்குக் கிடைக்கவில்லை.

இதற்குப் பழைய நாடகங்களைத் தேடிப் போக வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதிய ஒரு குத்தகைப் பத்திரம் போதும்.

‘ஹியர்பை டிமைசஸ் அன்டு த லெஸ்ஸி’ என்று இருக்கும். டிமைஸ் என்றால் மரணம் என்று செய்தித்தாள் நமக்குப் பழக்கியிருக்கிறது. ஆனால் அதன் மூலப்பொருள் கைமாற்றிக் கொடுப்பது. நிலத்தைக் குத்தகையாகவோ உயில் வழியாகவோ இன்னொருவரிடம் ஒப்படைப்பது. அரசர் இறந்தால் அரசுரிமை அந்தக் கணமே வாரிசுக்கு மாறுவதால் அதை ‘டிமைஸ் ஆஃப் த க்ரவுன்’ என்றார்கள். அந்தக் கைமாற்றத்துக்குக் காரணம் சாவு என்பதால், காலப்போக்கில் சொல் சாவின் மேலேயே ஒட்டிக்கொண்டது. பத்திரம் மட்டும் பழைய பொருளிலேயே நிற்கிறது. ஆக அந்த வரிக்குப் பொருள், ‘குத்தகைதாரருக்கு இதன் மூலம் குத்தகைக்கு விடுகிறார்’. ‘டிமைஸ்டு ப்ரெமிசஸ்’ என்றால் குத்தகைக்கு விட்ட இடம். இறந்தவர் வீடு இல்லை.

அந்த ‘ப்ரெமிசஸ்’ இன்னும் வேடிக்கை. லத்தீன் மூலத்தில் ‘முன்னால் சொல்லப்பட்டவை’ என்பதுதான் பொருள். தர்க்கத்தில் ‘ப்ரெமிஸ்’ என்று சொல்வதும் இதே சொல்தான். பத்திரத்தின் தொடக்கத்தில் சொத்தை ஒருமுறை விவரித்துவிட்டு, பிறகு வரும் இடங்களில் ‘மேற்சொன்னவை’ என்று சுருக்கி எழுதினார்கள். அந்த மேற்சொன்னவை எப்போதும் வீடும் நிலமுமாகவே இருந்ததால், படித்துப் படித்து ப்ரெமிசஸ் என்றாலே கட்டடமும் வளாகமும் என்றாகிவிட்டது. எழுத்தர்களின் சுருக்கெழுத்துச் சோம்பலில் பிறந்த பொருள் இது.

அடுத்தது ‘டிடர்மின்’. தீர்மானிப்பது என்று மொழிபெயர்த்தால் கெட்டது குடி. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 111-ஆம் பிரிவில், அசையாச் சொத்தின் குத்தகை எந்தெந்த வழிகளில் ‘டிடர்மின்’ ஆகும் என்று பட்டியலே போடுகிறது. முதல் வழி, குறித்த காலம் கடந்துபோவது. அங்கே டிடர்மின் என்றால் முடிவுக்கு வருவது. சொல்லுக்குள்ளேயே இருக்கும் ‘டெர்மினஸ்’, அதாவது எல்லை, முடிவு என்ற லத்தீன் சொல்லைப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. பஸ் டெர்மினஸில் வண்டி நின்றுவிடுவது மாதிரி குத்தகையும் நின்றுவிடுகிறது.

பவர் ஆஃப் அட்டர்னி பத்திரம் ‘நோ ஆல் மென் பை தீஸ் ப்ரெசென்ட்ஸ்’ என்று தொடங்கும். பரிசுப்பொருள் எதுவும் இல்லை. ப்ரெசென்ட்ஸ் என்றால் ‘இங்கே முன்னிருப்பவை’, அதாவது இந்த ஆவணம். லத்தீன் வாசகத்தை அப்படியே பெயர்த்ததால் வந்த பன்மை. மென் என்றாலும் ஆண்கள் மட்டும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது மனிதர் எல்லோருக்கும் பொதுவான சொல். ஆக, ‘இந்த ஆவணத்தின் மூலம் யாவரும் அறிக’. அதே பத்திரத்தில் பெரிய எழுத்தில் வரும் ‘விட்னெஸெத்’ மந்திரச் சொல் எதுவும் இல்லை. படர்க்கை ஒருமை நிகழ்காலத்தில் இன்று ‘எஸ்’ போடும் இடத்தில் அன்று ‘எத்’ போட்டார்கள், அவ்வளவே. ‘இந்தப் பத்திரம் சாட்சி சொல்கிறது’ என்பது பொருள். எழுவாய் ஒருமையாக இருந்தால்தான் இந்த விகுதி பொருந்தும். ‘தீஸ் ப்ரெசென்ட்ஸ்’ பன்மை. அதோடு ‘விட்னெஸெத்’ சேர்த்து எழுதுவது ‘இவைகள் சொல்கிறது’ என்பது மாதிரி. மாதிரிப் படிவங்களை நகலெடுத்து நகலெடுத்து இந்தப் பிழை நிலைத்துவிட்டது.

பத்திரத்தில் வரும் ‘மொய்ட்டி’ சரிபாதி. ஏதோ ஒரு பங்கு என்று நினைத்தால் கணக்கு கெடும். ‘மெஸ்விஜ்’ என்றால் குடியிருக்கும் வீடு, அதன் துணைக்கட்டடங்கள், சுற்றியுள்ள நிலம் எல்லாம் சேர்ந்தது. கணினியின் எழுத்துப்பிழைத் திருத்தி இதை ‘மெசேஜ்’ ஆக்கப் பார்க்கும், விடக்கூடாது. ‘கூட்ஸ் அண்ட் சாட்டல்ஸ்’ (அசையும் பொருள்கள்), ‘நல் அண்ட் வாய்டு’ (செல்லாதது), ‘வில் அண்ட் டெஸ்டமென்ட்’ (உயில்) என்று இரட்டையாக வருபவற்றில் இரண்டுக்கும் என்ன நுட்ப வேறுபாடு என்று மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் வீண். நாம் வீடுவாசல், நிலபுலன் என்று சொல்வதில்லையா? அது மாதிரி அடுக்கு.

‘ஹியர்’, ‘தேர்’, ‘வேர்’ குடும்பத்துக்கு வருவோம். ஹியரின்ஆஃப்டர், தேர்ஆஃப், வேர்ஆஸ், ஹிதர்ட்டு என்று வரிசை கட்டி வரும்போது ஆங்கிலேயர்களே திணறுவார்கள். தமிழருக்கு இது கைவந்த கலையாக இருக்க வேண்டும், ஏனென்றால் நம் சுட்டெழுத்து, வினா எழுத்து ஏற்பாடு அப்படியே அங்கே இருக்கிறது. ‘ஹ’ ஒலியில் தொடங்கினால் இ. ‘த’ ஒலியில் தொடங்கினால் அ. ‘வ’ ஒலியில் தொடங்கினால் எ. ஹியர், தேர், வேர் என்றால் இங்கே, அங்கே, எங்கே. ஹிதர், திதர், விதர் என்றால் இங்கு நோக்கி, அங்கு நோக்கி, எங்கு நோக்கி. ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ் என்றால் இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து. ‘இருந்து’ உள்ளேயே அடங்கியிருப்பதால் ‘ஃப்ரம் வென்ஸ்’ என்பது கூறியது கூறல். பெரிய எழுத்தாளர்களும் செய்த பிழை என்பதால் மன்னித்துவிடலாம்.

ஆவணத்தில் இவற்றை உடைக்க ஒரு வழி. ஹியர் வந்தால் ‘இந்த ஆவணம்’ என்று வையுங்கள். தேர் வந்தால் சற்று முன் சொன்ன பெயர்ச்சொல்லை வையுங்கள். பின்னொட்டை வேற்றுமை உருபாக மாற்றுங்கள். ‘ஹியரின்’ இந்த ஆவணத்தில். ‘த ஹவுஸ் அண்ட் த கீஸ் தேர்ஆஃப்’ என்றால் வீடும் அந்த வீட்டின் சாவிகளும். தவறு நடப்பது எங்கே என்றால், தேர் எந்தப் பெயர்ச்சொல்லைச் சுட்டுகிறது என்பதில்தான். முன்னால் வீடு, கிணறு, தோட்டம் என்று மூன்று இருந்துவிட்டால் ‘தேர்ஆஃப்’ மூன்றுக்குமா கடைசிக்கு மட்டுமா என்று வழக்கே நடக்கும். மொழிபெயர்க்கும்போது ‘அதன்’ என்று போட்டு நழுவாமல், எதன் என்று எழுதியவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

‘வேர்ஃபோர்’ இதே குடும்பத்தில் ‘எதற்காக’. ‘தேர்ஃபோர்’ அதற்காக, ஆகவே. மாடத்தில் நிற்கும் ஜூலியட் ‘வேர்ஃபோர் ஆர்ட் தவ் ரோமியோ’ என்னும்போது அவனைத் தேடவில்லை. நெற்றியில் கையை வைத்து இருட்டில் எட்டிப்பார்க்கும் நடிப்பெல்லாம் தவறு. ‘நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்?’ என்று கேட்கிறாள். பகைக்குடும்பத்துப் பெயரைச் சுமக்கிறாயே என்ற ஆற்றாமை அது.

அந்த ‘தவ்’ பற்றியும் ஒரு வார்த்தை. ஜெபங்களில் கேட்டுப் பழகியதால் அது மிக மரியாதையான சொல் என்று ஒரு மயக்கம். உண்மையில் அது நம் ‘நீ’. ‘யீ’ நீங்கள். ‘தீ’ உன்னை, உனக்கு, ‘தை’ உன். நீயில் நெருக்கமும் உண்டு, இளக்காரமும் உண்டு என்பது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1603-இல் ஆங்கிலக் கடலோடி வால்டர் ராலே மீதான தேசத்துரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், ‘உன்னை நீ என்கிறேன், துரோகி!’ என்ற பொருளில் தவ் என்பதையே வினைச்சொல்லாக்கி வசைபாடினார். கடவுளைத் தவ் என்றது தேவாரம் இறைவனை நீ என்பது போன்ற உரிமை. அதைத் ‘தாங்கள்’ என்று தமிழாக்கினால் அந்த நெருக்கம் போய்விடும்.

இந்த யீ வேறு, பழங்காலத் தோரணைக்காகக் கடைப் பலகையில் எழுதும் ‘யீ ஓல்ட்’ வேறு. ஆங்கிலத்தில் முன்பு ‘த’ ஒலிக்கு ‘தார்ன்’ என்று தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது ஒய் மாதிரி ஆகிவந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுகளில் தார்ன் இல்லாததால் அச்சுக்கோப்பவர்கள் ஒய்யைப் போட்டார்கள். அதைப் படித்தவர்கள் ‘த’ என்றுதான் படித்தார்கள். யீ என்று உச்சரிப்பது பின்னால் வந்த அறியாமை.

1611-இல் வெளியான ஆங்கில மொழிபெயர்ப்பான கிங் ஜேம்ஸ் பைபிள் இந்த விஷயத்தில் ஒரு கண்ணிவெடி வயல். மாற்கு 6:25-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். யோவான் ஸ்நானகனின் தலையை ‘பை அண்ட் பை’, ‘இன் எ சார்ஜர்’ கொடு என்று ஏரோதியாளின் மகள் கேட்கிறாள். இன்றைய ஆங்கிலத்தில் ‘கொஞ்சநாள் கழித்து, சார்ஜரில்’. அன்றைய பொருள் ‘உடனே, ஒரு பெரிய தட்டில்’. சார்ஜர் என்றால் இறைச்சியை ஏந்தும் அகலமான தாம்பாளம். பெரிய ஓட்டல்களில் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் அலங்காரமாக வைப்பதை இன்றும் சார்ஜர் பிளேட் என்கிறார்கள். சங்கீதம் 119:147-இல் பாடுபவர் விடியலை ‘ப்ரிவென்ட்’ செய்தேன் என்கிறார். சூரியனைத் தடுக்கவில்லை, அதற்கு முந்தி எழுந்தார். லத்தீனில் ‘முன் வருதல்’ என்பதே சொல்லின் பொருள். முந்திக்கொள்வது மெல்ல மெல்லத் தடுப்பதாக மாறியது. 23-ஆம் சங்கீதத்தின் ‘ஐ ஷால் நாட் வான்ட்’ எனக்கு வேண்டாம் என்பதில்லை, எனக்குக் குறைவு வராது என்பது. தமிழ் வேதாகமம் அங்கே ‘தாழ்ச்சியடையேன்’ என்று மிகச் சரியாகச் சொல்கிறது.

பை அண்ட் பை மட்டுமில்லை, ‘உடனே’ என்று பொருள்பட்ட ஆங்கிலச் சொற்கள் பலவும் வழுக்கி ‘அப்புறம்’ ஆகியிருக்கின்றன. ‘சூன்’ ஒருகாலத்தில் இந்த நிமிடம். ‘அனான்’ அப்படியே. ‘ப்ரெசென்ட்லி’யும் உடனே என்பதிலிருந்து சற்று நேரத்தில் என்று இறங்கியது. ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்லிவிட்டு அரை மணி கழித்து வரும் மனிதர்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். பழைய அலுவலகக் கடிதங்களில் வரும் ‘இன்ஸ்டன்ட்’டுக்கு இந்தச் சிக்கல் இல்லை; ‘ஐந்தாம் தேதி இன்ஸ்டன்ட்’ என்றால் இந்த மாதம் ஐந்தாம் தேதி. ‘அல்டிமோ’ போன மாதம், ‘ப்ராக்ஸிமோ’ அடுத்த மாதம். கடிதத்தின் தேதியைப் பார்க்காமல் இவற்றைக் கணக்கிட முடியாது.

உணவில் ‘மீட்’ முன்பு எல்லா உணவுக்கும் பொது. அதனால்தான் பால்கோவாவும் லட்டும் ‘ஸ்வீட்மீட்’, சுத்த சைவம். ‘கார்ன்’ எந்தத் தானியமும், எந்த மணியும். பெப்பர்கார்ன் மிளகுமணி, கார்ன்டு பீஃபில் கார்ன் உப்புக்கல். 1815 முதல் 1846 வரை பிரிட்டனில் இருந்த ‘கார்ன் லாஸ்’ தானியச் சட்டங்கள். அதை மக்காச்சோளச் சட்டம் என்று பெயர்த்தால் வரலாறே கோணலாகும். ‘டியர்’ விலங்கு எதுவும். பிறகுதான் மானாகச் சுருங்கியது. நம் மிருகம் என்ற சொல்லிலும் இந்த ஊசலாட்டம் உண்டு, கஸ்தூரி மிருகம் என்றால் மான்தானே.

அளவைகளில் ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ‘ஃபர்லாங்’ என்பதற்கு ‘ஒரு ஏர்ச்சால் நீளம்’ என்று பொருள். 220 கஜம், சுமார் 201 மீட்டர். எட்டு சேர்ந்தால் ஒரு மைல். ஒரு ஃபர்லாங் நீளமும் ஒரு செயின், அதாவது 22 கஜம் அகலமும் கொண்ட துண்டு 4,840 சதுர கஜம். அதுதான் ஒரு ஏக்கர். அதை நூறாக வகுத்தால் 435.6 சதுர அடி: நம் ஊர் மனைக் கணக்கின் ஒரு சென்ட். இங்கிலாந்து உழவனின் கலப்பை எங்கே திரும்பியது என்பதை வைத்துத்தான் செங்கல்பட்டில் மனை விற்கிறார்கள்.

இனி தேடும் முறை. முதலில் வாசகம் எந்த நூற்றாண்டு என்று பார்க்க வேண்டும். அகராதியில் அந்தக் காலத்தில் வழங்கிய பொருளைத் தேட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி 1884-இல் முதல் பகுதி வெளியாகி 1928-இல் முடிந்தது. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் மேற்கோள்கள் ஆண்டு வாரியாக இருக்கும், வழக்கொழிந்த பொருளுக்கு முன்னால் சிறிய கத்திக் குறி இருக்கும். அமெரிக்க அகராதியான மெரியம்-வெப்ஸ்டர் பழைய பொருளை முதலில் தருகிறது; முதல் எண்ணில் இருப்பதுதான் இன்றைய பொருள் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம். அதில் ‘அப்சலீட்’ என்று இருந்தால் 1755-க்குப் பிறகு வழக்குக்குச் சான்று இல்லை என்று பொருள்; ‘ஆர்க்கேயிக்’ என்றால் ஒருகாலத்தில் பரவலாக வழங்கி, இன்று அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும் வருகிறது. 1755 சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளியான ஆண்டு.

கிடைத்த பொருளை வாக்கியத்தில் பொருத்திப் பார்க்காமல் நம்பக்கூடாது. ஒரு தீர்ப்பில் ‘எ நைஸ் கொஸ்டியன் ஆஃப் லா’ என்று வருகிறது. நைஸ் லத்தீனில் ‘அறியாத’ என்பதில் பிறந்து, முட்டாள்தனமான, அதிகம் பிகு செய்கிற, நுட்பமான, இனிய என்று வரிசையாக வேடம் மாற்றிய சொல். ‘நல்ல சட்டக் கேள்வி’ என்று பொருத்தினால் நீதிபதி பாராட்டுவதாகிறது. ‘நுட்பமான சட்டக் கேள்வி’ என்றால் அடுத்த பத்தியில் அவர் ஏன் இரு பக்கத்தையும் அலசுகிறார் என்பது விளங்குகிறது. அடுத்த வாக்கியத்தோடும் ஒட்டும் பொருளே சரியான பொருள்.

1800-க்கு முந்தைய அச்சுப் புத்தகங்களை இணையத்தில் தேடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. சொல்லின் முதலிலும் நடுவிலும் எஸ் நீண்ட வடிவில், கிட்டத்தட்ட எஃப் மாதிரி அச்சாகியிருக்கும். கணினி அதை எஃப் என்றே படிக்கும். ‘கேஸ்’ என்று தேடினால் கிடைக்காது, ‘கஃபே’யாகிக் கிடக்கும். சொல்லின் கடைசியில் மட்டும் சாதாரண எஸ்தான். 1600-களின் தொடக்க நூல்களில் வி-யும் யு-வும் இடம் மாறியிருக்கும். தேடல் வெறுங்கையோடு திரும்பினால் இந்த எழுத்துகளை மாற்றி இன்னொருமுறை தேடுங்கள்.

‘மறந்துபோன அழகிய ஆங்கிலச் சொற்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் பட்டியல்களை அப்படியே விழுங்காதீர்கள். சில, 2010-களில் இணையத்தில் புனைந்தவை. அச்சு அகராதியே சறுக்கியதுண்டு: 1934 வெப்ஸ்டர் அகராதியில் ‘டார்ட்’ என்ற சொல்லுக்கு அடர்த்தி என்று பொருள் போட்டிருந்தார்கள். உண்மையில் அது ‘டி அல்லது டி’, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அடர்த்தியின் சுருக்கம் என்று எழுதிய சீட்டு. ‘அல்லது’ என்பதற்கான ‘ஆர்’ நடுவில் ஒட்டிக்கொண்டு புதுச் சொல்லாகிவிட்டது. 1939-இல்தான் கண்டுபிடித்தார்கள்.

சென்னை மாகாணத்துப் பழைய ஆங்கிலக் குறிப்புகளைப் படிப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. படை ‘டோப்’பில் தங்கியது என்று இருக்கும். பொது அகராதியைத் திறந்தால் டோப் என்றால் மொடாக்குடி குடிப்பது, அல்லது ஒருவகைச் சுறா. இரண்டும் பொருந்தாது. இப்படி முட்டும்போது 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் பாருங்கள். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னல், ஹென்றி யூலோடு சேர்ந்து தொகுத்தது. ‘அனிகட்’ அணைக்கட்டு, ‘பாலிகார்’ பாளையக்காரர், ‘சுனாம்’ சுண்ணாம்பு எல்லாம் அதில் இருக்கின்றன. டோப்பும் இருக்கிறது: தோப்பு. படை மாந்தோப்பில் தங்கியிருக்கிறது.